குறிப்பறியாத் தூதர்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியும் தமிழும் என்னும் பொருளில் பேச வேண்டும் என்று செயலாளர் ஐயா பணித்தார்கள். கடல் போன்ற பொருள் அது. கரையோரத்தில் வாழ்கின்றவள் ஆதலால், அக்கடலின் ஒரு துறையில் மட்டும் இறங்கி ஏறிவிட எண்ணுகிறேன். மனிதர் செய்துவந்த பணிகளைத் தாமே செய்யும் மென்பொருள்கள், மனிதரோடு மனிதரைப் போலவே உரையாடவும் செய்கின்ற மென்பொருள்கள், இவற்றை ஆங்கிலத்தில் 'பாட்' என்கிறார்கள். தமிழில் 'தானியங்கி' என்று வழங்குகிறோம். பாட்டு எழுதும் அவையில் 'பாட்'டைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை கூறுவதே இவ்வுரை.

என் தந்தையார் சென்னைத் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதியவர். 'டாலி கிளார்க்' என்பார்கள். பளுதூக்கி கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளை அள்ளி இறக்க இறக்க, அவர் ஏட்டில் கோடு கிழிப்பார். நான்கு கோடு நின்றால், ஐந்தாவது கோடு குறுக்கே படுக்கும். நாள் முழுதும் அதுவே வேலை. கப்பல் தரப்பில் ஒருவர் எழுதுவார். கரைத் தரப்பில் இவர் எழுதுவார். மாலையில் இரண்டும் ஒத்துவர வேண்டும். அந்த ஏட்டின் வலக்கோடியில் 'குறிப்பு' என்றொரு பத்தி இருந்தது. மூட்டை கிழிந்திருந்தால், நனைந்திருந்தால், சுமந்தவர் கால் இடறி விழுந்திருந்தால் அதை அங்கே எழுதுவார். "கோடு கிழிக்க யாராலும் முடியும் அம்மா, குறிப்பு எழுதுவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

1956இல் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர் 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். அந்தப் பெட்டி நம் துறைமுகத்துக்கு வந்து நிலைகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. 1983இல் இங்கே பெட்டக முனையம் திறக்கப்பட்டது. மூட்டைகள் பெட்டகத்துக்குள் மறைந்தன. எண்ணப்பட வேண்டியது மூட்டை அன்று, பெட்டகத்தின் மேல் எழுதிய எண் என்றாயிற்று. எண்ணைப் படிக்கக் கணினி போதும். தந்தையார் ஓய்வுபெறும் முன்னரே அவருடைய ஏடும் ஓய்வுபெற்றுவிட்டது.

இன்று இராசாசி சாலையிலுள்ள சுங்க மாளிகையில், இறக்குமதிச் சரக்குக்கான பத்திரம் கணினிவழியே வந்து சேர்கிறது. எந்தச் சரக்கைத் திறந்து பார்ப்பது, எதைப் பாராமலே விடுவது என்பதை முதலில் பிரித்துக் கொடுப்பது ஒரு மென்பொருள். 2020 ஜூன் 8 முதல் 'முகமறியா மதிப்பீடு' என்னும் முறை சென்னையிலும் பெங்களூரிலும் முதற்கட்டமாகத் தொடங்கியது. வணிகர் முகத்தை அலுவலர் அறியார். அலுவலர் முகத்தை வணிகர் அறியார். முகம் அறிந்தால் கை நீளும் என்ற அச்சத்துக்கு அது ஒரு மருந்து. எனவே இம்மாற்றங்களையெல்லாம் பழித்துப் பேச நான் வரவில்லை. பளு சுமந்து முதுகு வளைந்த மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுமை இறங்கியது நன்றே. ஆயினும் அந்தக் குறிப்புப் பத்தி எங்கே போயிற்று என்னும் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

சொல்லின் வேர்

'பாட்' என்பது 'ரோபாட்' என்பதன் வால். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகம் ஒன்றிலிருந்து அச்சொல் உலகெங்கும் பரவியது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசப். செக் மொழியில் 'ரோபோத்தா' என்றால் கட்டாய உழைப்பு. ஆண்டைக்குக் கூலியின்றிச் செய்யும் வேலை. தமிழ்ச்சொல்லோ தானே இயங்குவது என்கிறது. செக் சொல், ஏவுகின்றவன் ஒருவன் இருக்கிறான் என்பதை நினைவூட்டுகிறது. தமிழ்ச்சொல் அவனை மறைத்துவிடுகிறது. எந்தத் தானியங்கியும் உண்மையில் தானாக இயங்குவதில்லை. இன்னது நேர்ந்தால் இன்னது செய் என்று யாரோ ஒருவர் எழுதி வைத்த கட்டளையின்படி, சலிப்பின்றி, உறக்கமின்றி, நொடிக்குப் பல முறை அது செய்கிறது. ஆதலால் ஒரு தானியங்கியைக் காணும்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இது யாருடைய ஆள் என்பதே.

இரண்டு எடுத்துக்காட்டுகள் காட்டுவேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை வந்தது. 2023 மே மாதம் முதல் அதற்கான பயணச்சீட்டை வாட்ஸ்அப் வழியே பெறலாம். நீங்கள் வணக்கம் சொன்னால் ஒரு தானியங்கி மறுமொழி தந்து, எங்கிருந்து எங்கே என்று கேட்டு, சீட்டை அனுப்பிவைக்கிறது. யாருடைய ஆள் என்பது வெளிப்படை. பயனும் வெளிப்படை.

மற்றொன்று இதற்கு நேர்மாறு. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1 அன்று நம் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த இரயில்வேயின் 'தட்கல்' சீட்டு, காலையில் குளிர்வசதிப் பெட்டிக்குப் பத்து மணிக்கும் ஏனைய பெட்டிக்குப் பதினொரு மணிக்கும் திறக்கும். நாம் பெயரைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் சீட்டுத் தீர்ந்துவிடும். காரணம் என்ன? பெயர், வயது, பணம் செலுத்தும் விவரம் அனைத்தையும் முன்னரே நிரப்பி வைத்துக்கொண்டு கணப்பொழுதில் பாயும் மென்பொருள்களை இடைத்தரகர் சிலர் ஏவியிருந்தார்கள். திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்வோரில் பாதி வரை இத்தகைய தானியங்கிகளே என்று 2025இல் இரயில்வேயே அறிவித்தது. ஐயத்துக்குரிய இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகளை முடக்கியது. 2025 ஜூலை 1 முதல், ஆதார் வழியே தம்மை உறுதிசெய்துகொண்டவர்க்கே இணையவழித் தட்கல் என்று விதித்தது. அதே ஜூலை முதல் நாள்! முதல் இரயிலில் ஏறியவருக்குச் சீட்டு இருந்தால் போதும். இன்று சீட்டுக் கேட்பவர் தாம் மனிதர் என்பதையே மெய்ப்பிக்க வேண்டும். முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் தானியங்கியால் விளைந்தது இது.

தமிழுக்குச் செய்த தொண்டு

இனித் தமிழுக்கு வருவோம். 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா 2017 மே மாதத்தில் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அங்கே மனிதரோடு தானியங்கிகளும் உழைக்கின்றன. எழுத்துப்பிழை களைதல், அறுந்த இணைப்பை ஒட்டுதல், கட்டுரைகளை வகைப்படுத்துதல் முதலிய பணிகளை அவை செய்கின்றன. நீச்சல்காரன் என்னும் புனைபெயரில் எழுதும் அன்பர் உருவாக்கிய தானியங்கி, தமிழ்நாட்டுக் கோயில்கள் பற்றி ஆயிரக்கணக்கான சிறு கட்டுரைகளை உருவாக்கியது. பட்டியலில் உள்ள செய்திகளை வாக்கியமாக்கித் தருவது அதன் வேலை. அவரே ஆக்கிய 'வாணி' என்னும் பிழைதிருத்தியும் 'நாவி' என்னும் சந்திப்பிழை திருத்தியும் நம்மில் பலருக்குப் பழக்கமானவை. ஒற்று மிகுமா மிகாதா என்று நள்ளிரவில் ஐயுறும்போது எழுப்பிக் கேட்க ஆசிரியர் கிடைப்பதில்லை, நாவி கிடைக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட அறிஞர்களின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு, எழுத்துணரி மென்பொருளால் படிக்கப்பட்டு, தமிழ் விக்கிமூலத்தில் ஏறியதும் தானியக்கத்தின் துணையால்தான். மனிதக் கை மட்டும் செய்திருந்தால் ஒரு தலைமுறை கழிந்திருக்கும். எழுத்துணரி 'ழ'வையும் 'மு'வையும் மயங்கிப் படித்த இடங்களைத் தன்னார்வலர்கள் இன்றும் உட்கார்ந்து திருத்தி வருகிறார்கள்.

விக்கிப்பீடியாவில் ஒரு நல்ல மரபு உண்டு. தானியங்கியை இயக்குபவர் அதற்கெனத் தனிக் கணக்கு வைக்க வேண்டும். இன்ன வேலை செய்யப்போகிறேன் என்று சொல்லிச் சமூகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். தவறு நேர்ந்தால் இயக்கியவர் பொறுப்பேற்க வேண்டும். மூன்று விதிகள். இவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் இவற்றிடம் திரும்பி வருவேன்.

அந்தக் கோயில் கட்டுரைகளைப் பற்றி நம் நண்பர் ஒருவர், "எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை" என்று குறைப்பட்டுக்கொண்டார். மெய்தான். கோயில், ஊர், மூலவர், திருவிழா என்று பத்திக்கு ஒரு வாக்கியம். ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. நாயன்மார் பாடாத, கல்வெட்டு இல்லாத, தெருமுனை அம்மன் கோயில்களுக்கும் அந்தத் தானியங்கி ஒரு பக்கம் ஒதுக்கியது. பெருங்கோயிலுக்கும் சிறுகோயிலுக்கும் அதனிடம் வேற்றுமை இல்லை. புலவர்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்யாத ஒன்றை அது செய்தது.

எனினும் இதோ இந்தத் திருவொற்றியூரையே எண்ணிப் பாருங்கள். சுந்தரர் சங்கிலியாரை விரும்பியபோது, இறைவனே சங்கிலியாரின் கனவில் தோன்றித் தூது உரைத்தார். பிரியேன் என்று சன்னிதியில் சூளுரைக்க வேண்டிய வேளையில் கோயிலை விட்டு மகிழடியில் போய் இருக்குமாறு சுந்தரர் இறைவனிடம் தனியே வேண்டினார். இறைவனோ, மகிழடியிலேயே சூளுறச் சொல் என்று சங்கிலியாருக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டார்! தூதரே இரு தரப்புக்கும் உதவிய விந்தை அது. சூள் பொய்த்து ஊர் எல்லையைக் கடந்ததும் சுந்தரர் கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணம். 'தலமரம்: மகிழம்' என்று பட்டியல் எழுதும். அம்மரத்தடியில் ஒரு பெண்ணுக்கு நீதி கிடைக்க இறைவனே கட்சி மாறினான் என்பது எந்தப் பத்தியில் வரும்?

பழங்கதை வேண்டா, அண்மைச் செய்தி ஒன்று சொல்வேன். 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. வலையிலும் படகிலும் கறை படிந்தது; பல நாள் தொழில் நின்றது. எண்ணூர் என்று பட்டியலில் தேடினால் மக்கள்தொகை வரும், அஞ்சல் குறியீட்டெண் வரும். கறுத்த வலையை வீட்டு வாயிலில் போட்டுவிட்டு வெறுங்கையோடு அமர்ந்திருந்தவரின் முகம் வராது. அது குறிப்புப் பத்தியில் எழுதப்பட வேண்டியது. அதை எழுத வேண்டியவர்கள் இவ்வவையில் இருக்கிறீர்கள்.

பேசும் தானியங்கி

இனிப் பேசும் தானியங்கிகளைப் பார்ப்போம். 1966இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த யோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர், 'எலைசா' என்னும் மென்பொருளை வெளியிட்டார். மனநல மருத்துவரைப் போல அது பேசும். சூழ்ச்சி மிக எளியது. உங்கள் வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதையே கேள்வியாகத் திருப்பி உங்களிடம் தரும். 'அம்மா' என்றால், 'உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்னும். அவ்வளவே. ஆனால் அது உருவானதைக் கண்ணெதிரே கண்டிருந்த அவருடைய செயலாளரே, சிறிது நேரம் அதனோடு பேசிய பிறகு, "நீங்கள் கொஞ்சம் அறையை விட்டு வெளியே போகிறீர்களா?" என்று கேட்டுவிட்டாராம். வைசன்பாம் திடுக்கிட்டார். எந்திரத்தின் திறமையைவிட, கேட்பாரற்ற மனித மனத்தின் ஏக்கமே அவரை அச்சுறுத்தியது. 1976இல் அவர் எழுதிய நூல் அந்த அச்சத்தின் பயன்.

என் அனுபவம் ஒன்று. தந்தையார் மறைந்தபின், அவர் பெயரிலிருந்த ஒரு கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. அந்த அலுவலகத்தின் உரையாடு பெட்டியில் "என் தந்தையார் சென்ற வாரம் காலமானார்" என்று எழுதினேன். உடனே மறுமொழி வந்தது: "மிக்க மகிழ்ச்சி! உங்கள் தகவல் பதிவாகிவிட்டது. எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருக." எனக்குச் சினம் வரவில்லை. யார்மேல் சினப்பது? அங்கே யாரும் இல்லை. அந்த 'யாரும் இல்லை' என்பதே நெடுநேரம் என்னை அழவைத்தது.

தமிழர் தூதுக்கு இலக்கணம் வகுத்தவர்கள். தலைவன் தலைவியரிடையே சென்று பேசும் வாயில்களாகத் தோழி, பாணன், விறலி முதலிய பன்னிருவரைத் தொல்காப்பியம் கூறுகிறது. வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமே வகுத்து, அறிவையும் சொல்வன்மையையும் வேண்டுவதோடு நில்லாமல் அன்பையும் வேண்டினார். வாய்தவறியும் பழுதான சொல் வராதவனே தூதுக்கு உரியவன் என்றார். அவரே 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பைப் பொருட்பாலில் ஒரு முறையும் காமத்துப்பாலில் ஒரு முறையும் வைத்தார். நூலில் இருமுறை வரும் அதிகாரத் தலைப்பு அது ஒன்றே. அரசவைக்கும் அகவாழ்வுக்கும் ஒருங்கே வேண்டுவது சொல்லாததை அறியும் திறன் என்பது அவர் கருத்துப் போலும்.

ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றதை அறிவோம். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி மின்னிய அப்படைகளின் அழகைப் புகழ்ந்த ஔவையார், எங்கள் மன்னனுடையவையோ குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். சொல்லளவில் இவனுக்குப் புகழ். குறிப்பளவில் இவனுக்கு எச்சரிக்கை. போர் என்ற சொல்லைச் சொல்லாமலே போரின் விளைவை உணர்த்தினார். எதிரில் நிற்பவன் முகம் எவ்வளவு தாங்கும் என்று அளந்து பேசிய பேச்சு அது. அளந்தவர் ஒரு புலவர். அதுவும் ஒரு பெண்.

ஒரு தன்விளக்கம்

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபின் நிலைமை பெரிதும் மாறிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அது எலைசாவைப் போலச் சில விதிகளால் ஆனதன்று. கணக்கற்ற நூல்களையும் எழுத்துகளையும் கொண்டு பயின்று, இச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துப் பேசுகிறது. தந்தையார் காலமானார் என்றால் இன்று அது 'மகிழ்ச்சி' என்னாது. உரிய ஆறுதலைத் தமிழிலேயே சொல்லும்.

சென்ற ஆண்டு நம் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் மறைந்தபோது, இரங்கல் தீர்மானம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தேர்வுத்தாள் திருத்தும் நாள்கள் அவை. ஒரு பலவீனமான கணத்தில் அந்தத் தானியங்கியிடம் கேட்டேன். நொடியில் வந்தது. 'ஈடுசெய்ய இயலாத இழப்பு' இருந்தது. 'தமிழ்கூறு நல்லுலகம்' இருந்தது. 'ஆழ்ந்த இரங்கல்' இருந்தது. பிழையே இல்லை. நாணத்தோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நம் வட்டத்தின் பழைய தீர்மான ஏட்டைப் புரட்டினேன். பத்தாண்டுகளில் நாம் எழுதிய தீர்மானங்கள் அனைத்திலும் அதே ஈடுசெய்ய இயலாத இழப்பு, அதே நல்லுலகம், அதே ஆழம்! அவற்றுள் பல நான் எழுதியவை. எந்திரம் நம்மைப் போல எழுதக் கற்றுக்கொண்டது என்று வியக்கிறோம். அதற்கு நெடுநாள் முன்னரே நாம் எந்திரத்தைப் போல எழுதத் தொடங்கிவிட்டோம் என்பதை அன்று உணர்ந்தேன்.

அத்தாளைக் கிழித்தேன். அக்கவிஞர் காசிமேட்டிலிருந்து கூட்டத்துக்கு நடந்தே வருவார் என்பதையும், பிறர் கவிதை படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு விரலால் முழங்காலில் சீர் எண்ணுவார் என்பதையும், சீர் தவறினால் விரல் நிற்குமே தவிர வாய் திறவார் என்பதையும் எழுதினேன். நான்கே வாக்கியங்கள். அவருடைய துணைவியார் அத்தீர்மானத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

எனவே இவ்வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். விக்கிப்பீடியாவின் விதிகளையே நமக்கேற்ப மாற்றிச் சொல்கிறேன். ஒன்று, பிழைதிருத்தவும் அகரவரிசைப்படுத்தவும் அழைப்பிதழ் அனுப்பவும் தானியங்கியைத் தயங்காமல் பயன்படுத்துவோம். கோடு கிழிக்கும் வேலையை அதனிடம் விடுவோம். இரண்டு, நம் கவியரங்கிலோ மலரிலோ எந்திரத்தின் கை பட்டது எதுவாயினும் அதை வெளிப்படையாகச் சொல்வோம். எழுதியவர் அதற்குப் பொறுப்பேற்கட்டும். மூன்று, வாழ்த்து, இரங்கல், மன்னிப்பு ஆகிய மூன்றையும் எத்தனை தடுமாறினாலும் நாமே எழுதுவோம். ஏனெனில், தனக்காக ஒருவர் சிறிது நேரம் உட்கார்ந்து எண்ணினார் என்பதுதான் அம்மூன்றையும் பெறுபவருக்குக் கிடைக்கும் உண்மைப் பொருள். நேரமே செலவாகாத இடத்தில் அப்பொருள் இல்லை.

இளங்கவிஞர்களுக்கு ஒரு சொல். உங்கள் கவிதையை எந்திரம் எழுதிவிடுமோ என்று அஞ்சவேண்டா. எழுதி முடித்ததும், இதில் எந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்க முடியும் என்று நீங்களே பாருங்கள். அவ்வரியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றை வையுங்கள். துறைமுகம், ஆலை, உப்புக்காற்று, முகத்துவாரம் என்று நம்மைச் சுற்றிலும் எழுதப்படாமல் கிடப்பவை ஏராளம்.

என் தந்தையாரின் ஏடு ஒன்று என்னிடம் உள்ளது. கோடுகளுக்கு இன்று பயனில்லை. அந்த மூட்டைகள் எங்கே போயினவோ! வலக்கோடியில் மங்கிய மையில் அவர் எழுதிய ஒரு குறிப்பு மட்டும் இன்னும் படிக்கக் கூடியதாக இருக்கிறது: 'மூட்டை நனைந்தது. மழை. ஆள்கள் சாப்பிடவில்லை.' அன்றைய மழை அதில் இருக்கிறது. பசித்த மனிதர்களும் இருக்கிறார்கள்.